ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்!

"நேரமில்லை" என்னும் சொல் இன்று நம் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு விசுவாசப் பிரமாணமாகவே ஆகிவிட்டது. குடும்பச் செபத்திற்கு நேரமில்லை. முதியோரிடம் அமர்ந்து பேச நேரமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைவரை நடந்து வர நேரமில்லை. சொல்பவரைக் கேட்பவர் மறுப்பதில்லை, அவருக்கும் நேரமில்லை. இந்தப் பிரமாணத்தை இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறோம். நேரம் உண்மையிலேயே இல்லையா? அல்லது கடவுள் கொடுத்த நேரத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது வெறுங்கையை விரிக்கிறோமா?

நம் பங்குகளில் வாழும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் வாரத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுப்பப்படுகிறது. வீட்டு வாசலில் வேன் ஏறுகிறது. பள்ளி வாசலில் இறங்குகிறது. மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், எஞ்சிய சிறு பொழுதில் கைப்பேசி. வேனுக்கும் வாசலுக்கும் இடையே உள்ள பத்தடி தூரத்தில்தான் அது வானத்தைப் பார்க்கிறது. பெற்றோரின் நிலை இதைவிட மேலானதன்று. அலுவலகம், கடைவீதி, சமையலறை, மீண்டும் அலுவலகம். அந்திப்பொழுது எப்படி இருக்கும் என்பதைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் மறந்துபோன தலைமுறையாக நாம் மாறிக்கொண்டிருக்கிறோம்.

விடுமுறை வந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒருமுறை போய்வந்து கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனம் செய்து திருப்தி அடைபவரின் மனநிலை இது. படைப்போடு உறவு என்பது சுற்றுலா அன்று. அது வாரந்தோறும், இயன்றால் நாள்தோறும், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் நிகழ வேண்டியது. அதற்கான நாளைக் கடவுளே ஒதுக்கித் தந்திருக்கிறார். அந்த நாளை நாம் தொலைத்துவிட்டோம் என்பதும், அதைக் குடும்பங்களுக்குத் திருப்பித் தரும் கடமை பெற்றோருக்கும் பங்குகளுக்கும் உண்டு என்பதுமே இக்கட்டுரையின் வழக்கு.

பார்வோனின் பதில்

ஓய்வுநாள் என்றதும் திருப்பலிக் கடன் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. திருவிவிலியம் காட்டும் ஓய்வுநாளோ அதைவிட விரிந்தது. மாடும் கழுதையும் ஓய்வு பெறவும், அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அன்னியரும் இளைப்பாறவும் ஏழாம் நாள் ஏற்படுத்தப்பட்டது (விப 23:12). ஏழாம் ஆண்டில் நிலத்திற்கே ஓய்வு தரப்பட்டது (லேவி 25:4). மனிதர், விலங்கு, மண் மூன்றும் சேர்ந்து மூச்சுவிடும் நாளாகவே கடவுள் அதை அமைத்தார்.

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் கேட்டது என்ன? பாலைநிலத்தில் மூன்று நாள் வழிநடந்து சென்று தங்கள் கடவுளை வழிபட அனுமதி கேட்டார்கள். செங்கற் சூளையை விட்டு வெட்டவெளிக்குச் செல்ல விடுப்புக் கேட்டார்கள். பார்வோனின் பதில் என்ன? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்றான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்க மறுத்தான்.

இன்று நம் வீடுகளில் பார்வோனின் குரல் கேட்கவில்லையா? மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "சோம்பேறி, போய்ப் படி" என்று சொல்லாத பெற்றோர் எத்தனை பேர்? விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டபோது மகிழாத பெற்றோர் எத்தனை பேர்? செங்கல்லின் இடத்தில் மதிப்பெண் வந்திருக்கிறது. சூளையின் இடத்தில் சிறப்பு வகுப்பு வந்திருக்கிறது. எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொண்டு ஓய்வுநாளைக் கடைப்பிடிக்குமாறு இணைச்சட்டம் கட்டளையிடுகிறது (இச 5:15). ஓய்வு என்பது விடுதலை பெற்றவரின் அடையாளம். அதைத் தானே முன்வந்து கையளிப்பவர் எகிப்துக்குத் திரும்பிச் செல்பவரே ஆவார்.

திருச்சபையின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று சொல்லும் 1247-ஆம் சட்டமே, வழிபாட்டுக்கும், ஆண்டவரின் நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உடல் உள்ள இளைப்பாறுதலுக்கும் தடையான வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதற்பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம், பிற்பாதியை மறந்துவிட்டோம். புனித இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் ஆண்டவரின் நாளைக் குறித்து எழுதிய திருத்தூது மடலில், ஞாயிறு ஓய்வின் வழியாக இயற்கையின் அழகையும் மீண்டும் கண்டுகொண்டு முழுமையாய்த் துய்க்க முடியும் என்று சுட்டிக்காட்டினார். திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், ஞாயிற்றுக்கிழமை கடவுளோடும் நம்மோடும் பிறரோடும் உலகோடும் நம் உறவுகளைக் குணமாக்கும் நாள் என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஆக, திருப்பலி முடிந்தபின் குடும்பமாய் ஆற்றங்கரைக்குப் போவது ஞாயிறு கடனிலிருந்து தப்பிப்பதன்று. அக்கடனின் தொடர்ச்சியே ஆகும்.

யார் எடுத்துக்கொண்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமையை நம்மிடமிருந்து பறித்தவர் யார்? அயலார் எவரும் பறிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்றால், திருப்பலியையே மாற்றிக்கொள்ளத் துணிகிறவர் நம் குடும்பத்துப் பெற்றோரே. ஞாயிறு மாலையைத் துணிக்கடையிலும் வணிக வளாகத்திலும் செலவிடுகிறவரும் நாமே. நாம் அங்கே பொருள் வாங்கும் வேளையில், நமக்குத் துணி விரித்துக் காட்டும் பெண்பிள்ளை நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு ஞாயிறு உண்டு என்பதை நாம் எண்ணுவதில்லை. வேலையிடத்தில் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நம் பொழுதுபோக்கு இன்னொருவரின் ஓய்வைத் தின்னுமானால், அதைக் கிறித்தவ ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

பங்குகளையும் இக்கேள்விக்கு விலக்காக்க முடியாது. காலைத் திருப்பலி, அதையடுத்து மறைக்கல்வி, பின்னர் இயக்கக் கூட்டம், பிற்பகல் பாடற்குழுப் பயிற்சி, மாலையில் அன்பியக் கூட்டம் என்று ஒரே குடும்பத்தின் நால்வரும் நான்கு திசையில் ஓடும் பங்குகள் உண்டு. அந்நால்வரும் ஞாயிறன்று ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்கும் இடமில்லை எனில், ஆண்டவரின் நாளை ஆண்டவரின் பெயராலேயே நிரப்பிவிட்டோம் என்றுதான் பொருள். உடன் குருக்கள் இதை மனத்தில் கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

இதற்கு எதிராக நம் கடற்கரையைப் பாருங்கள். குமரி, தூத்துக்குடிக் கரைகளில் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்னும் வழக்கம் தலைமுறைகளாய் இருந்து வருகிறது. ஒருநாள் தொழில் நின்றால் அடுப்பில் அதன் விளைவு தெரியும் வீடுகள் அவை. இருந்தும் வலையை உலர்த்திவிட்டு அந்நாளைக் காத்தார்கள். கடலுக்கும் அன்று ஓய்வு கிடைத்தது. படிப்பும் பதவியும் உள்ள நாமோ, அதே நாளைத் தனிப்பயிற்சி நிலையத்திற்குக் கட்டணமும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம். யார் ஏழை, யார் செல்வர் என்று இங்கே கேட்கத் தோன்றுகிறது.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: "இதெல்லாம் வசதி உள்ளவர்களின் பேச்சு. வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் காய்கிறவருக்கு இயற்கையைப் பற்றி என்ன உபதேசம்?" நியாயமான கேள்வி. நாற்று நடும் பெண்ணிடம் போய் வெட்டவெளியின் அருமையை விளக்குவது அறியாமை. அவருக்கு வேண்டியது நிழலும், தண்ணீரும், கூலி குறையாத ஓய்வும். ஆனால் அவருடைய பிள்ளையும் இன்று வயலுக்கு வருவதில்லை. விடுதியிலோ பயிற்சி நிலையத்திலோ அடைபட்டிருக்கிறது. வயல் என்றாலே வறுமை என்று அப்பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். தாயின் அறிவில் இருக்கும் நெல் வகைகளும் கீரை வகைகளும் மழைக் குறிகளும் அத்தாயோடு மறையப் போகின்றன. ஓய்வான ஒரு மாலையில் தாயும் பிள்ளையும் வரப்பில் சேர்ந்து நடந்தால், அங்கே மாணவர் யார், ஆசிரியர் யார் என்பது பிள்ளைக்குப் புரியும். இது வசதியானவரின் பொழுதுபோக்கன்று, உழைப்பவரின் மாண்பு.

இரண்டாம் மறுப்பு: "மதிப்பெண் குறைந்துவிடும்." உடலின் இழப்பை முதலில் கணக்கில் எடுப்போம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் அதன் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளிநாளும் 40 நிமிடம் கூடுதலாக மாணவரை வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளின் மாணவரில் 39.5 விழுக்காட்டினர் புதிதாகக் கிட்டப்பார்வைக்கு ஆளாயினர். வெளியே சென்ற மாணவரில் அது 30.4 விழுக்காடாக இருந்தது. நூறு பிள்ளைகளில் ஒன்பது பிள்ளைகளின் கண், மருந்தில்லாமல், வெறும் வெளிச்சத்தால் காக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையில் கழிப்பவர்கள், அவ்வாறு கழிக்காதவர்களைவிட நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையோராய்த் தங்களைக் குறிப்பிட்டதைக் காட்டியது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் 2 மணி நேரத்தைக் கேட்கிறோம். கண்ணையும் அமைதியையும் விலையாகக் கொடுத்து வாங்கும் மதிப்பெண் யாருக்கு?

மூன்றாம் மறுப்பு பக்தியுள்ளோரிடமிருந்து வருகிறது: "மரத்தையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருப்பது செபமாகுமா? இயற்கை வழிபாட்டில் போய் முடியாதா?" படைப்பைப் படைத்தவராகக் கொள்வது பிழை, இதில் ஐயமில்லை. ஆனால் படைப்பைப் பாராதிருப்பதும் பிழையே. படைப்புகளைப் பற்றிய தவறான எண்ணம் கடவுளைப் பற்றிய தவறான எண்ணத்தில் கொண்டுபோய் விடும் என்று புனித தோமா அக்குவினார் எச்சரித்தார். படைப்புகளின் பெருமையிலிருந்தும் அழகிலிருந்தும் அவற்றைப் படைத்தவரை உணரலாம் என்று சாலமோனின் ஞானம் கூறுகிறது (சாஞா 13:5). லொயோலா இஞ்ஞாசியார் விண்மீன்களை நெடுநேரம் நோக்கி ஆறுதல் பெற்றார். நம் ஆண்டவரோ வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் கவனித்துப் பார்க்குமாறு கட்டளையே இட்டார் (மத் 6:26-28). கவனிக்காத பிள்ளைக்கு அவ்வுவமை எப்படி விளங்கும்? விதைப்பவரைக் காணாதவருக்கு, களையைப் பறித்தறியாதவருக்கு, கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டுவதைப் பார்த்திராதவருக்கு, நற்செய்தியின் பாதி அகராதி தேவைப்படும் நூலாகிவிடும்.

மரத்தை வெட்டிக் கெபி கட்டுகிறோம்

ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த தொடக்கப் பணிகளுள் ஒன்று உயிரினங்களுக்குப் பெயரிடுதல் (தொநூ 2:19-20). நம் மறைக்கல்வி மாணவர்களிடம் ஆலய வளாகத்து மரங்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். வேம்பைச் சொல்வார்கள். புங்கை, பூவரசு, வாகை, புன்னை என்று தொடர்வோர் மிகச் சிலரே. குற்றம் பிள்ளைகளுடையதன்று. பல ஆலய வளாகங்களில் கேட்பதற்கு மரமே இல்லை. தரையெங்கும் சிமெண்ட் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மழைநீர் இறங்க ஒரு முழம் மண் இல்லை. நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. வாகனம் நிறுத்தத் தகரக் கொட்டகை, திருவிழா மேடை, அதனருகே சிமெண்டில் பாறைபோல் செய்து வண்ணம் பூசிய லூர்து கெபி!

அந்தக் கெபியின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1858 பிப்ரவரி 11-இல் பெர்னதெத் விறகு பொறுக்கப் போனபோதுதான் ஆற்றோரத்துக் குகையில் அன்னையைக் கண்டாள். 1917-இல் பாத்திமாவில் காட்சி கண்டோர் ஆடு மேய்த்த சிறார். வேளாங்கண்ணியைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும், பால் கொண்டு சென்ற சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறியதில் தொடங்குகிறது. அன்னை தேடிவந்த இடங்கள் எல்லாம் வெட்டவெளிகள். தேடிவந்த பிள்ளைகள் எல்லாரும் வெளியே இருந்த பிள்ளைகள். நாமோ உயிருள்ள மரத்தை வெட்டிவிட்டு அவ்விடத்தில் அவருக்குச் சிமெண்ட் குகை கட்டுகிறோம். இது பக்தியா?

இவ்வளவுக்கும் நம் மரபு வறண்டதன்று. வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை இயற்றியபோது, யூதேயாவையே மழையும் வயலும் சோலையும் நிறைந்த தமிழ் நிலமாகக் கண்டார். புனித சூசையப்பரின் வரலாற்றை நாட்டுவளம் பாடித்தான் தொடங்கினார். நம் காலத்தில், திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தாவரத் தொகுப்பகத்தில் உழைத்த இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ (1930-2004), தமிழ்நாட்டின் செடிகொடிகளை ஊர் ஊராய்ச் சென்று சேகரித்துப் பெயரிட்டுப் பதிவு செய்தார். பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூல் 1999-இல் வெளிவந்தது. ஆதாமின் பணியை ஒரு குரு தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். அவருடைய பெயரை நம் மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லியிருக்கிறோமா?

என்ன செய்யலாம்?

குற்றம் சாட்டுவதோடு நின்றுவிட விரும்பவில்லை. செலவில்லாத, நாளையே தொடங்கத்தக்க சிலவற்றைப் பங்குகளின் முன்னும் குடும்பங்களின் முன்னும் வைக்கிறோம்.

ஞாயிறு நண்பகலுக்குப்பின் பங்கில் எந்தக் கூட்டமும் வேண்டாம் என்று பங்குப்பேரவை தீர்மானிக்கட்டும். அந்நேரம் குடும்பத்துக்கு உரியது என்று பலிபீடத்திலிருந்தே அறிவிக்கப்படட்டும். மருத்துவமனையிலும் கடையிலும் ஞாயிறு வேலை செய்வோர் வேறொரு நாளில் அதே இரண்டு மணி நேரத்தைத் தேடிக்கொள்ள, குடும்பமும் அன்பியமும் துணை நிற்கட்டும்.

மறைக்கல்வியில் மாதம் ஒரு வகுப்பேனும் மரத்தடியில் நடக்கட்டும். மரம் இல்லையெனில் அதுவே முதல் பாடமாகட்டும்: கற்களைப் பெயர்த்து ஒரு கன்று நடுக. புதுநன்மை பெறும் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தத்தெடுத்து, அதன் பெயரையும், அதில் வந்தமரும் பறவைகளின் பெயரையும் ஓராண்டில் கற்றுக்கொள்ளட்டும்.

ஆலயத்திற்கு நடந்து வரக்கூடியவர்கள் நடந்தே வரட்டும். இருபது நிமிட நடையில் தந்தையும் மகளும் பேசிக்கொள்வது, ஒரு வாரம் முழுவதும் பேசாததாக இருக்கக்கூடும். அன்பியக் கூட்டத்தைக் குளிரூட்டிய கூடத்தில் நடத்தாமல், மொட்டை மாடியிலோ வாசல் வேப்பமரத்தடியிலோ, நிலா வெளிச்சத்தில் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

செப்டம்பர் 1 முதல், அசிசியாரின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைச் சிறப்பிக்கிறது. ஆகஸ்ட் 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா அக்காலத்தின் வாயிலிலேயே வருகிறது. பல நாள் குடும்பமாக நடந்து, மரநிழலில் இளைப்பாறி, நட்சத்திரங்களின் கீழ் உறங்கும் நடைப்பயணம் நம் மக்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இதைவிடச் சிறந்த பள்ளி வேறெங்கே? ஆனால் நடந்த வழியெல்லாம் நெகிழிப் பைகளும் தண்ணீர்ப் பைகளும் சிதறிக் கிடக்குமானால், நிழல் கொடுத்த வழிக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. திருப்பயணிகள் அதைக் கடைப்பிடிக்கச் சட்டம் வேண்டியதில்லை, மனச்சான்று போதும்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைக்காக ஊரே தன் திருவிழாவை அமைதியாக்கிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்காக நாம் ஞாயிறு டியூஷனை நிறுத்த முடியாதா?

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் வளர்ந்து உங்களைவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுதிய மாதிரித் தேர்வுகளை அவர்களும் நினைக்கப் போவதில்லை, நீங்களும் நினைக்கப் போவதில்லை. கடவுளோடு நமக்குள்ள நட்பின் வரலாறு குறிப்பிட்ட இடங்களோடு பின்னிக் கிடக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா? ஒரு கரை, ஒரு மரம், ஒரு வரப்பு? இல்லையெனில் வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் புறப்படுங்கள். பார்வோன் சோம்பேறி என்றுதான் சொல்வான், சொல்லட்டும்.